ஒரு சாண் குழாயின் வரலாறு

குளச்சல் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை இந்தக் கடற்கரையில் முறியடித்த நாள் அது. டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர்க் கரைக்கு இழுத்து வந்தது மலைநாட்டு மிளகு. மிளகு விளைந்த மலைநாட்டில் பிற்காலத்தில் மற்றொரு பணப்பயிர் வந்து சேர்ந்தது. அதுதான் ரப்பர். இன்று குளச்சலிலிருந்து வடக்கே குலசேகரம் பக்கம் போனால், வரிசை வரிசையாக நிற்கும் மரங்களில் சிரட்டைகளைக் கட்டிப் பால் வடிய விட்டிருப்பதைக் காணலாம்.

ரப்பர் என்றால் டயரை எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் காரின் அடியில், யார் கண்ணிலும் படாமல், சக்கரத்துக்கு அருகே தொங்கும் ஒரு ரப்பர்க் குழாயை எத்தனை பேர் நினைக்கிறோம்? பிரேக் ஹோஸ் என்று பட்டறைகளில் வழங்கும் இக்குழாயின் நீளம் பெரும்பாலும் ஒரு சாணைச் சிறிதே கூடும் அல்லது குறையும். டயர் வெடித்தாலும் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்த வழியுண்டு. இக்குழாய் வெடித்தால், நிறுத்தும் வழியே அடைபடலாம். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை மாற்ற வேண்டிய நாள் ஒன்று வரும். அன்று எந்தக் குழாயை வாங்குவது? அளவு சரியாக இருந்தால் போதுமா? இந்தக் கேள்விக்கு விடை அக்குழாயின் வரலாற்றிலேயே இருக்கிறது.

காலின் விசை சக்கரத்துக்குப் போன வழி

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் பிரேக்கை இயக்கியவை இரும்புக் கம்பிகளும் வடங்களும்தான். ஒரு பக்கத்து வடம் சற்றுத் தளர்ந்தாலும் வண்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையைக் கம்பிகளால் பங்கிட்டுக் கொடுப்பது எளிதன்று.

இதற்கான தீர்வு, மோட்டார் வண்டி பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், அடைத்து வைத்த திரவத்தின் ஒரு பகுதியில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று கண்டார். அவர் மறைந்த பின் 1663-இல் அந்நூல் அச்சாயிற்று. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா இவ்விதியைக் கொண்டு நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் மிதியை 30 கிலோகிராம் விசையுடன் மிதிக்கிறீர்கள். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்குகிறது எனக் கொள்வோம். 150 கிலோகிராம் விசை மாஸ்டர் சிலிண்டரின் உந்துதண்டைத் தள்ளுகிறது. உந்துதண்டின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர சென்டிமீட்டர். எனவே திரவத்தில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 48 கிலோகிராம். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 கிலோகிராம்தான். அதைப்போல் 24 மடங்கு அழுத்தத்தை நம் சாண் குழாய் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தாங்கியாக வேண்டும்.

அழுத்தத்தைக் கொண்டு செல்ல எஃகுக் குழாயே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வண்டியின் உடலை ஒட்டிய பகுதிக்கு எஃகுக் குழாய்தான் பயன்படுகிறது. ஆனால் சக்கரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிறது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. எஃகுக் குழாயை அங்குப் பொருத்தினால் சில நாளில் முறிந்துவிடும். வளையவும் வேண்டும், விரியவும் கூடாது. இந்த இரண்டு குணங்களும் உள்ள குழாயே தேவை.

லாக்ஹீட் கண்ட வழி

அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் 1917-இல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். விமான உற்பத்தியில் புகழ்பெற்ற ஆலன் லாக்ஹீட் இவருடைய சகோதரர். 1921-இல் வெளிவந்த டியூசன்பர்க் கார், நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் கார் ஆகும்.

ஆயினும் ஒரு தொல்லை இருந்தது. சிலிண்டருக்குள் திரவம் கசியாமல் காக்கப் பதனிடாத தோலால் ஆன கிண்ணங்களை வைத்தார்கள். தோல் காய்ந்து சுருங்கியது, திரவம் கசிந்தது. கிரைஸ்லர் நிறுவனப் பொறியாளர்கள் தோலுக்குப் பதில் ரப்பர்க் கிண்ணங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். 1924-இல் வந்த கிரைஸ்லர் காரில் திரவ பிரேக் நம்பத்தக்கதாயிற்று. ஃபோர்டு நிறுவனமோ கம்பி, வட முறையை நெடுங்காலம் கைவிடவில்லை. 1939-ஆம் ஆண்டு மாதிரிக் காரில்தான் அது திரவ பிரேக்குக்கு மாறியது.

ரப்பர் வந்ததும் புதிய கேள்வி பிறந்தது. ரப்பருக்குக் கேடு செய்யாத திரவம் எது?

ரப்பருக்கு ஏற்ற எண்ணெய்

ஒரு துண்டு சைக்கிள் டியூபை மண்ணெண்ணெயில் சில நாள் ஊறப் போட்டுப் பாருங்கள். அது உப்பிப் பருத்து, வலிவிழந்து போகும். காரணம் எளிது. ஒத்த தன்மையுள்ள பொருள்கள் ஒன்றில் ஒன்று எளிதில் கலக்கும். இயற்கை ரப்பர், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீண்ட சங்கிலி. மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் ஆயில் ஆகியவையும் அப்படியே. ஆகவே எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பருக்குள் புகுந்து சங்கிலிகளை விலக்கிவிடுகின்றன.

அக்காலப் பொறியாளர்கள் நம் ஊர் ஆமணக்கெண்ணெயை நாடியது இதனால்தான். ஆமணக்கெண்ணெயின் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அதனால் அது மற்றத் தாவர எண்ணெய்களைப் போலன்றி ஆல்கஹாலில் நன்கு கலக்கும். இயற்கை ரப்பரையும் அதிகம் ஊதச் செய்யாது. ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை பல ஆண்டுகள் பிரேக் திரவமாக விளங்கிற்று. இன்றும் நாம் அதைப் 'பிரேக் ஆயில்' என்றே சொல்கிறோம். ஆனால் இன்று டப்பாவில் இருப்பது எண்ணெய் அன்று.

ஆமணக்குக் கலவையின் குறை அதிலிருந்த ஆல்கஹால்தான். வேகமாக ஓடும் வண்டியை அடிக்கடி நிறுத்தினால் பிரேக் சூடாகும். ஆல்கஹால் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும் தன்மையுடையது. எனவே மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. இதைத் தவிர்க்கக் கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. இன்று கடையில் காணும் டாட் 3, டாட் 4 என்பவை இவ்வகையே. புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட் 4 திரவம் 230 பாகை வரை தாங்க வேண்டும். ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 3 திரவத்துக்கு 140 பாகைதான் எல்லை. குளச்சல் போன்ற ஈரக்காற்று வீசும் கடலோர ஊரில் பிரேக் திரவத்தைக் காலாகாலத்தில் மாற்றுவது அவசியம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம்.

ரப்பரும் மாறியது

1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டார். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன; அங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் பரவின. 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக முறையிலான தோட்டம் தொடங்கிற்று. அன்று திருவிதாங்கூரில் இருந்த குமரிப் பகுதியிலும் ரப்பர் பரவியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் இம்மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. அரசின் ரப்பர்த் தோட்டங்களைக் கவனிக்க 1984-இல் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது.

இயற்கை ரப்பருக்கு ஒரு பகை உண்டு. அது ஓசோன். காற்றில் மிக நுண்ணிய அளவில் இருந்தாலும், ரப்பர்ச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டுகிறது. வளைந்தோ இழுபட்டோ நிற்கும் ரப்பரில் குறுக்கே வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். எப்போதும் வளைந்தே தொங்கும் பிரேக் குழாய்க்கு இது பெரிய கேடு.

இரண்டாம் உலகப் போரில் 1942-இன் தொடக்கத்தில் மலேயாவை ஜப்பான் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்து பெரும்பாலும் அற்றுப்போயிற்று. அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. போருக்குப் பின் சீக்ளர், நாட்டா என்னும் இரு வேதியியலறிஞர்கள் கண்ட வினையூக்கிகள் புதிய வழி திறந்தன. 1963-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் பிறந்ததே ஈ.பி.டி.எம். என்ற எத்திலீன்–புரோப்பிலீன் ரப்பர். இதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஓசோன் வெட்ட இடம் இல்லை. வெப்பத்தையும் கிளைக்கால் திரவத்தையும் நன்கு தாங்கும். இன்றைய பிரேக் குழாய்களில் இது பெரிதும் பயன்படுகிறது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். ஈ.பி.டி.எம். ரப்பரும் மண்ணெண்ணெயில் ஊறினால் உப்பும். குளச்சல் கரையில் வள்ளங்களில் பொருத்தும் எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய் கொண்டு செல்லும் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உட்பகுதி பொதுவாக நைட்ரைல் என்னும் வேறு வகை ரப்பர். அது மண்ணெண்ணெயைத் தாங்கும். பிரேக் திரவத்தில் கெடும். இரண்டும் கறுப்புத்தான், இரண்டும் குழாய்தான். ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பிரேக்கில் உள்ள அழுத்தத்தைத் தாங்கும் கட்டமைப்பும் எரிபொருள் குழாய்க்கு இல்லை.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

பிரேக் குழாயைக் குறுக்கே வெட்டினால், உள்ளே திரவம் செல்லும் ரப்பர் அடுக்கு இருக்கும். அதன் மேல் நூற்பின்னல், அதன் மேல் ரப்பர், மீண்டும் நூற்பின்னல், கடைசியில் வெளியுறை. அழுத்தத்தைத் தாங்குவது நூற்பின்னல். இரு முனைகளிலும் உலோகப் பூண்கள் இறுக்கி நசுக்கப்பட்டிருக்கும். இந்தப் பூணைப் பட்டறையில் கழற்றி வேறு குழாயில் மாட்ட முடியாது. அதற்கெனத் தனி எந்திரமும் சோதனையும் வேண்டும்.

1968-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கத் தரவிதி 106, பின்னர்த் திருத்தப்பட்ட வடிவில் விதிக்கும் சோதனைகளைக் கேளுங்கள். குழாய் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 280 கிலோகிராம் அழுத்தத்தை இரண்டு நிமிடம் தாங்க வேண்டும். 3 மில்லிமீட்டர் அளவுத் துளையுள்ள குழாய் சுமார் 490 கிலோகிராமுக்குக் கீழே வெடிக்கக் கூடாது. நாம் கணக்கிட்ட அழுத்தத்தைப்போல் இது பத்து மடங்கு. அழுத்தத்துடன் 35 மணி நேரம் சுழற்றி வளைத்தாலும் பழுதாகக் கூடாது. முனைப் பூண்கள் 24 மணி நேரம் உப்புநீர்த் தூவலையும் தாங்க வேண்டும். இந்தியாவிலும் ஐ.எஸ். 7079 என்ற தரவிதி உண்டு.

உப்புத் தூவல் சோதனை குளச்சல்காரர்களுக்குப் புதிதன்று. கடற்காற்று அதை நாள்தோறும் நடத்துகிறது! ரப்பர் நன்றாக இருக்கும்போதே பூணும் அதை ஒட்டிய எஃகுக் குழாயும் துருப்பிடித்து அரிக்கப்படுவது கடலோர வண்டிகளில் காணும் குறை.

வெளியே நலம், உள்ளே நோய்

வெடிப்பு, கசிவு, வீக்கம் ஆகியவற்றைக் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாத நோய் ஒன்றும் உண்டு. உள் அடுக்கு உப்பியோ உரிந்தோ துளையை அடைத்துவிடும். நீங்கள் மிதிக்கும்போது பெரும் விசையால் திரவம் அடைப்பைத் தாண்டிச் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. காலை எடுத்ததும் அதைத் திருப்பி அனுப்ப இருப்பது சிறு சுருள்வில்லின் விசை மட்டுமே. திரவம் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே இருக்கும். அச்சக்கரம் மட்டும் சுடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இப்படி இருந்தால் டிரம்மை மட்டும் பார்க்காமல் குழாயையும் ஐயுறுங்கள்.

மிகப் பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போகும், எஞ்சுவது கைபிரேக்தான். பிற்கால வண்டிகளில் இரண்டு சுற்றுகளாகப் பிரித்தது இந்த ஆபத்தை எண்ணித்தான்.

பழைய காருக்கு எதைத் தேர்வது?

நம் நாட்டுப் பழைய கார்கள் பல வெவ்வேறு நாட்டு மரபில் வந்தவை. இந்துஸ்தான் அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவியது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. சென்னையில் 1961 முதல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஆங்கில மரபே. பிரீமியர் பத்மினியோ இத்தாலியின் ஃபியட் 1100 வழி வந்தது. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் பிரேக் உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்தன. ஆனால் பிறந்த நாட்டின் மரை வகை காரை விட்டுப் போகவில்லை.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆங்கில மரபில் வழங்கும் ஓர் அளவு 3/8 அங்குலம், அதாவது 9.525 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் மரபில் அதற்கு நெருங்கிய அளவு 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி, அங்குலத்துக்கு 25.4 மரை. அங்குலத் திருகு மெட்ரிக் துளைக்குள் போய்விடும். சற்று இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் மரைகள் முழுமையாகப் பற்றுவதில்லை. திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது பிடுங்கிக்கொள்ளலாம். கையால் திருகும்போது ஆட்டம் இருந்தாலோ, இரண்டு சுற்றில் முறுக்கிக்கொண்டாலோ அது உங்கள் குழாய் அன்று.

எனவே கடைக்குப் போகும்போது பழைய குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

நீளம்: குறைந்தால் சக்கரம் முழுதும் திரும்பும்போது இழுபடும், கூடினால் டயரில் உரசும். 'சற்று நீளமாக இருந்தால் என்ன' என்று வாங்காதீர்கள்.

முனைகள்: மரை, எஃகுக் குழாயின் விரிந்த வாய் அமரும் இருக்கையின் வடிவம், வாஷர் அமரும் முகம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.

எழுத்து: தரமான குழாயில் தயாரித்தவர் அடையாளம், துளை அளவு, தரக்குறி, தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். உற்பத்தி நின்றுபோன காரின் உதிரிப்பாகம் பல ஆண்டுகள் கடை அலமாரியில் கிடந்திருக்கலாம். உறை புதிதாயிருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறியிருக்கும்.

திரவம்: காரின் கையேடு எந்தத் திரவத்தைச் சொல்கிறதோ அதற்கு ஏற்ற குழாயே வேண்டும். பெரும்பாலான கார்களுக்குக் கிளைக்கால் வகைதான். சிட்ரோயன் போன்ற சில வெளிநாட்டுக் கார்களில் கனிம எண்ணெய் இருப்பதுண்டு. அவற்றின் ரப்பரே வேறு.

பொருத்தும் முறை

இது பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவர் செய்வது சரியா என்று அறிய நீங்களும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எஃகுக் குழாயின் நட்டைக் கழற்ற வேண்டும். அப்போது ரப்பர்க் குழாயின் பூணை மற்றொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் எஃகுக் குழாய் முறுக்கிக்கொண்டு ஒடியும். கடற்காற்றில் துருவேறிய நட்டுக்கு முந்தின நாளே துருநீக்கி இடுவது நல்லது. அது குழாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்க. பிறகு தாங்கியிலிருந்து குழாயை விடுவித்துக் கடைசியில் சக்கர முனையைத் திருகி எடுக்க வேண்டும்.

புதியதை மாட்டும்போது இவ்வரிசை தலைகீழாகும். சக்கர முனையில் புதிய செப்பு வாஷர் வைத்து முதலில் இறுக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய செப்பு மீண்டும் கசிவின்றி அடைக்கும் என்று நம்ப முடியாது. அடுத்துத் தாங்கியில், பின்னர் எஃகுக் குழாயில். குழாயின் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். அவை அழகுக்காக இட்டவை அல்ல. கோடு நேராக ஓடினால் குழாய் முறுக்கேறவில்லை. திருகுபோல் சுற்றினால் முறுக்கேறிவிட்டது.

பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டும் பாரம் ஏற்றியும் பாருங்கள். எங்கும் உரசவோ இழுபடவோ கூடாது. துடைக்கப் பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். மெதிலேற்றிய சாராயம் போதும். புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்தே திரவத்தை ஊற்றிச் சக்கரம் சக்கரமாக ஏர் எடுக்க வேண்டும். காற்றுக் குமிழி சிறிது இருந்தாலும் மிதி பஞ்சுபோல் அமுங்கும். ஒருவர் மிதியைப் பலமாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்கு வர வேண்டும். ஒரு பக்கத்துக் குழாய் மூப்பால் கெட்டிருந்தால் மறுபக்கத்துக் குழாய்க்கும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பாஸ்கலின் விதி, ஆமணக்கெண்ணெய், மலையில் வடியும் ரப்பர்ப் பால், போர்க்காலச் செயற்கை ரப்பர் ஆகிய இத்தனையும் சேர்ந்து வந்த வரலாறு இந்தச் சாண் குழாய்க்கு உண்டு. அதில் திரும்பத் திரும்ப வரும் பாடம் ஒன்றே: திரவம் மாறியபோதெல்லாம் ரப்பரும் மாறியாக வேண்டியிருந்தது. கடைக்காரர் நீட்டும் குழாயைக் கையில் வாங்கியதும் 'இது மாட்டுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்தத் திரவத்துக்கு, எந்த மரைக்கு, எந்த ஆண்டில் செய்தது' என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு டார்ச் விளக்குடன் முன்சக்கரத்தின் உட்பக்கம் குனிந்து அக்குழாயைப் பாருங்கள்.